மூன்று நாடுகளும் ஒரு சிறுநீரகமும்

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. மலேசியாவில், கெடா மாநிலத்தின் தெற்குக் கோடியில், பண்டார் பாருவில், ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். இன்றும் இருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையை இயந்திரத்தோடு பிணைத்துக்கொண்டு இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கான நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாரிட் புந்தாரில் இருக்கிறது. வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். பாலத்தில் ஏறும்போது கெடா, இறங்கும்போது பேரா. மீன் வாங்க, முடிவெட்ட, பல் பிடுங்க எல்லாவற்றுக்கும் அந்தப் பாலத்தைத்தான் கடப்போம். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலைநாள். அதைத் தவிர, நடுவில் ஒரு மாநில எல்லை இருப்பதே எங்களுக்கு நினைவில் இருந்ததில்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். தங்கை திருமணமாகி மெல்பர்னில் குடியேறியவள்; குடியுரிமை இன்னும் மலேசியாதான், அங்கே நிரந்தரவாசம். அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள். எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. தங்கையின் ஒரே மகள்தான் எங்கள் மூன்று வீட்டுக்கும் ஒரே குழந்தை.

2019 தீபாவளிக்குத் தங்கை மகளோடு வந்திருந்தாள். என் இடது கையில் ஊசி ஏறி ஏறிப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏதோ சட்டினியைத் தள்ளி வைப்பது போலச் சொன்னாள்.

"அண்ணே, நான் ஒண்ணு குடுக்குறேன். எனக்கு ரெண்டு இருக்குலா."

மனைவியின் இரத்த வகை எனக்குச் சேரவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை நோய். தங்கையுடையது பொருந்தியது. பரிசோதனைகளில் பாதியை இங்கே செய்தாள், மீதியை அங்கே போய்ச் செய்து அனுப்பினாள். கோலாலம்பூரில் இருந்த மருத்துவமனை அடுத்த ஆண்டு மே மாதத்துக்கு நாள் குறித்தது. அவள் விமானச் சீட்டு எடுத்துவிட்டாள்.

மார்ச் மாதம் கொரோனா பரவி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது.

முதல் வாரத்தில் பாலத்தின் இந்த முனையில் கூடாரம் போட்டு, ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, போலீஸும் ராணுவமும் நின்றன. இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் கொடுத்த கடிதத்தை மனைவி கண்ணாடி வழியாக நீட்டினாள். ராணுவ உடையில் இருந்தவர் படித்துவிட்டுக் கடிதத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது, காரில் இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்றார். நோயாளியால் வண்டி ஓட்ட முடியாது, அதனால்தான் நான் ஓட்டுகிறேன் என்று மனைவி மலாயில் சொன்னாள். ஒரு காருக்கு ஓர் ஆள். அதுதான் விதி. அவர் குரலை உயர்த்தவில்லை, கோபப்படவுமில்லை. அதனாலேயே வாதாட இடமில்லாமல் போயிற்று. மனைவி இறங்கினாள். பத்து மணி வெயிலில், ஒரு கடைகூடத் திறந்திராத சாலையில், வீட்டை நோக்கி நடந்தாள். நான் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினேன்.

போவதில் சிரமமில்லை. திரும்புவதுதான். நான்கு மணி நேரம் முடிந்து எழும்போது சில நாள்களில் இரத்த அழுத்தம் கீழே போய்விடும். அன்றைக்கும் போனது. தாதி உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். இனிப்பு கொடுத்தார், தின்றேன். ஆனால் அடுத்த குழு நோயாளிகள் வருவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. காரை எடுத்தேன். பாலத்தின் நடுவில் வந்தபோது எதிரே இருந்த சாலை இரண்டு ஓரமும் கறுத்துச் சுருங்கிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்ததுதான் தெரியும். ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பின்னால் ஒலி எழுப்ப ஒரு வண்டிகூட இல்லை. சாதாரண நாளாக இருந்தால் பின்னால் வந்த லோரி என்னை ஆற்றில் தள்ளியிருக்கும்.

கூடாரத்திலிருந்து ஒருவர் நடந்து வந்தார்; காலையில் அங்கே உட்கார்ந்திருந்த வயதான போலீஸ்காரர். என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். என்னைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லிவிட்டு, அவரே ஏறி உட்கார்ந்து காரைப் பாலத்தைத் தாண்டி ஓட்டி வந்து, வீட்டு வாசலில் விட்டார். திரும்பிப் போக அவருக்கு வண்டி இல்லை. நடந்தே போனார். அடுத்த முறை நானும் மனைவியும் சேர்ந்து போனபோது அவர் எங்கள் காரைக் கண்டதும் முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டார். விதி மாறவில்லை. அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூன்று வீடும் கைப்பேசியில் கூடும். முதல் சில வாரங்கள் அந்தப் பேச்சு ஒரு போட்டியாகவே நடந்தது. அண்ணனுக்குச் சிங்கப்பூர் பெருமை.

"இங்க எல்லாம் சிஸ்டம்டா தம்பி. யாரு எங்க போனா, யாரோட பேசுனா எல்லாம் தெரியும். உங்க ஊரு மாதிரி ரோட்டுல ஆர்மிய எறக்கல."

"எறக்கலைன்னா அங்க பெட்டர்னு அர்த்தமா? இங்க அந்த ஆர்மி இருக்குறதாலதான் கேஸ் கொறயுது" என்று நான் சொல்வேன். பாலத்தில் நடந்ததை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரத்தில் மட்டும் என் நாட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கலா. எங்க நாட்டுல பார்டர க்ளோஸ் பண்ணதும் எல்லாம் கன்ட்ரோல்" என்பாள் தங்கை. 'எங்க நாடு' என்று அவள் ஆஸ்திரேலியாவைச் சொன்னதை அப்போதுதான் முதல்முறை கவனித்தேன்.

ஏப்ரலுக்குப் பிறகு அண்ணனின் பேச்சு குறைந்தது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து பெரிய விடுதிகளில் தங்கியிருந்தவர்கள். நோய் அங்கேதான் பரவியது. விடுதிகளைப் பூட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பெருமை எதுவும் இல்லாமல் அண்ணன் சொன்னார்.

"நான் கீழ எறங்கி சாப்பாடு வாங்கிட்டு வர்றேன். என் ஆளுங்க ரூம விட்டு வெளிய கால வைக்க முடியல. ஒரு ரூம்ல எத்தன பேரு தெரியுமா? ஒருத்தன் போன்ல அழுவுறான். ஒரே ஊருலதான் இருக்கோம், அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்."

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் போட்டியை நிறுத்திவிட்டோம்.

மே மாத அறுவைச் சிகிச்சை தானாகவே ரத்தானது. அவசரமில்லாதவை எல்லாம் தள்ளிவைக்கப்பட்டன. மாற்றுச் சிறுநீரகம் அவசரமில்லாத பட்டியலில் இருந்தது. இயந்திரம் இருக்கிறதே, அதில் உயிர் வாழலாமே என்பது கணக்கு. அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது கையில் ஊசி ஏறியிருந்தது.

ஜூன் மாதம் எங்கள் பக்கம் திறந்தது. பாலத்தில் கூடாரம் போனது. பள்ளி திறந்தது, பிள்ளைகளின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டி ஒவ்வொருவராக உள்ளே விட்டோம். மருத்துவமனை அழைத்து, அக்டோபரில் செய்யலாம், தானம் தருபவரை வரச் சொல்லுங்கள் என்றது. சரியாக அந்த நேரத்தில் மெல்பர்ன் மூடியது. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான் போகலாம், இரவில் ஊரடங்கு. அதைவிட ஒரு பெரிய விதி எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்கள் நாட்டைவிட்டு வெளியே போகவும் அனுமதி வாங்க வேண்டும். மலேசியா தன் பிரஜையை உள்ளே வராதே என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியா தன் நிரந்தரவாசியை வெளியே விடவில்லை.

தங்கை விண்ணப்பித்தாள். சான்று போதவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் என்னை மட்டும் தனியாக அழைத்தாள். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என் சொந்தக் கிட்னிய எடுத்துக்கிட்டு வெளிய போக எனக்கு பர்மிஷன் இல்லையாம் அண்ணே."

அதற்கு மேல் அவளால் சிரிக்க முடியவில்லை.

மருத்துவரின் கடிதம், மருத்துவமனையின் கடிதம், எங்கள் மூவரின் பிறப்புப் பத்திரங்கள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மனைவியும் நானும் பாதி ராத்திரிவரை அல்ல, பாதி மாதம்வரை காகிதம் சேர்த்தோம். இரண்டாவது விண்ணப்பத்துக்கு டிசம்பரில் அனுமதி வந்தது. அக்டோபர் எப்போதோ போயிருந்தது. எங்கள் நாட்டில் நோய் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

தங்கையின் கணவர் எனக்கு அழைத்தார். அமைதியான மனிதர். என்னிடம் தனியாகப் பேசியதே குறைவு.

"மச்சான், நான் தடுக்கல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. போறதுக்கு பர்மிஷன் குடுத்துட்டாங்க. திரும்பி வர்றதுக்கு ஒரு கேரண்டியும் இல்ல. வாரத்துக்கு இத்தன பேருதான் உள்ள வரலாம்னு லிமிட் வச்சிருக்காங்க. பாப்பாவுக்கு அஞ்சு வயசு."

"நான் என்ன சொல்லணும்னு எதிர்பார்க்குறீங்க மாப்பிள்ள?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். தெரிஞ்சிருக்கணும்னு சொன்னேன்."

வர வேண்டாம் என்று நான் தங்கையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வாழ ஆசையாக இருந்தது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

2021 ஜனவரியில் அவள் வந்தாள். அவள் விமானம் ஏறிய மெல்பர்னில் நோய் ஏறக்குறைய இல்லை. கடற்கரையிலும் காப்பிக் கடைகளிலும் கூட்டம். அவள் வந்து இறங்கிய நாட்டில் மறுபடியும் கட்டுப்பாட்டு ஆணை. விடுதி அறையில் தனிமைக் காலத்தை முடித்துவிட்டு, போலீஸ் கடிதத்தோடு மாநிலங்களைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று, "திறந்த ஊர விட்டுட்டு மூடுன ஊருக்கு வந்திருக்கேன், மரியாதையா நல்ல மீன் கொழம்பு வைங்க அண்ணி" என்றாள்.

மார்ச் மாதத்துக்கு நாள் கொடுத்தார்கள். அதற்குப் பத்து நாள்களுக்கு முன் சுத்திகரிப்பு நிலையத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் வழக்கமாக உட்காருபவர் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், மலாய்க்காரர். மூன்று ஆண்டுகளாக நாங்கள் ஒரே நேரத்தில் ஊசி குத்திக்கொண்டவர்கள். பந்தாட்டம் பேசுவார், கொஞ்ச நேரத்தில் குறட்டை விடுவார். அவருக்குத் தொற்று என்று தாதி சொன்னார். நான் நெருங்கிய தொடர்பு. அறுவைச் சிகிச்சை ரத்து. நான் வீட்டில் ஓர் அறையில் தனியாக. சுத்திகரிப்புக்கு மட்டும் மற்றவர்கள் எல்லாம் போன பிறகு தனியாக வரச் சொன்னார்கள். எனக்குத் தொற்றவில்லை. அவர் இறந்துவிட்டார். அவர் நாற்காலியில் அடுத்த வாரம் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். காலியாக வைத்திருக்க யாராலும் முடியாது; காத்திருப்பவர்கள் அத்தனை பேர்.

அதன் பிறகு எங்கள் நாடு சரிந்தது. மே, ஜூன், ஜூலை. முழு முடக்கம் என்றார்கள். எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு வீடுகளில், சாப்பாட்டுக்கு உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டியிருந்தார்கள். ஒன்று என் மாணவியின் வீடு. மனைவியும் தங்கையும் அரிசி, பருப்பு, முட்டை கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

தங்கை எங்கள் வீட்டில் ஏழாவது மாதம். அங்கே மெல்பர்னும் மறுபடி மறுபடி மூடித் திறந்து மூடியது. பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக் கணவர் தனியாகத் திண்டாடினார். வெளிநாட்டிலிருந்து உள்ளே விடும் பயணிகளின் எண்ணிக்கையை அந்த நாடு இன்னும் குறைத்தது. தங்கை எடுத்திருந்த சீட்டு மூன்று முறை ரத்தானது. தினமும் மாலையில் அவள் முன்னறையில் உட்கார்ந்து மகளை அழைப்பாள். முதலில் குழந்தை அம்மா அம்மா என்று பேசிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. ஜூலையில் ஒருநாள் கைப்பேசியைக் கண்டதும் எழுந்து போய்விட்டது. தந்தை கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குழந்தையின் குரல், தெளிவாக, ஆங்கிலத்தில்: எனக்கு அவங்களோட பேச வேண்டாம்.

தங்கை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து துணி மடிக்கத் தொடங்கினாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். நான் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்துவது போல உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. முதலாவது மாப்பிள்ளையிடமிருந்து. ஆகஸ்ட் நடுவில் ஒரு விமானத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு நாளில் உறுதி சொல்ல வேண்டும். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. இரண்டாவது மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து. பள்ளிக் கழிவறைக்கு வெளியே நின்று அதை எடுத்தேன். பள்ளியில் பிள்ளைகள் இல்லை, நான் ஏதோ கோப்பு எடுக்கப் போயிருந்தேன். நிலைமை இறங்கத் தொடங்கினால் செப்டம்பர் இறுதியில் சில அறுவைச் சிகிச்சைகளைத் தொடங்குவோம், உங்கள் பெயர் முதல் வரிசையில் இருக்கிறது, உறுதியில்லை, ஆனால் வாய்ப்பு இருக்கிறது, தங்கை அதுவரை இருக்க முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். தங்கை அடுப்படியில் இருந்தாள்.

"ஹாஸ்பிடல்ல இருந்து கூப்பிட்டாங்க" என்றேன்.

அவள் நெருப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இந்த வருஷம் செய்ய மாட்டாங்களாம். அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"இந்த வருஷமே இல்லையா? அப்படியா சொன்னாங்க?"

"அப்படித்தான் சொன்னாங்க. நீ அந்த டிக்கெட்ட எடு."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை இருபது ஆண்டுகளாகப் பார்த்தவன் நான். அவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கெல்லாம் பார்க்காமல் நேராக அவள் கண்ணைப் பார்த்தேன்.

"ஏழு மாசம் அண்ணே" என்றாள். "ஏழு மாசம் ஒக்காந்துட்டு வெறுங்கையோட போறதா?" பிறகு தரையில் உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, சத்தமாக அழுதாள். மனைவி ஓடி வந்தாள். மனைவியிடமும் அதே பொய்யைச் சொன்னேன்.

தங்கை போய்ச் சேர்ந்த பிறகும் அங்கே விடுதியில் பதினான்கு நாள் அடைத்து வைத்தார்கள். அவள் வீடு அந்த விடுதியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் கணவரும் குழந்தையும் கீழே தெருவில் வந்து நின்று கை காட்டக்கூட விதி இடம் கொடுக்கவில்லை.

செப்டம்பரில், என் கையில் ஊசி ஏற்றுவதற்காக இணைத்து வைத்திருந்த இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. நரம்பில் கை வைத்தால் எப்போதும் ஒரு அதிர்வு தெரியும். ஒரு காலையில் அது நின்றிருந்தது. கழுத்து வழியாகத் தற்காலிகக் குழாய் வைத்தார்கள். காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எனக்கு நினைவு சரியாக இல்லை. அந்த மூன்று நாளில்தான் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் என் கைப்பேசிக்கு அழைத்து, அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த வாரம் இடம் இருக்கிறது, தங்கை தயாரா என்று கேட்டிருக்கிறார். எடுத்தவள் மனைவி.

காய்ச்சல் விட்டு நான் வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து முடித்த பிறகு அவள் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஜூலை மாசம் என்ன சொன்னாங்க? அந்தம்மா சரியா என்ன சொன்னாங்க?"

சொன்னேன்.

"யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"அந்தப் புள்ள..."

"புள்ளயப் பத்தி எனக்குத் தெரியாதா? நானும் அந்த முன்னறையிலதானே இருந்தேன்? எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து போகச் சொல்லிருப்போம்லா. உங்க உயிரு உங்களோடது மட்டும்னு நெனச்சீங்களா? மூணு நாளா நான் ஆஸ்பத்திரிக்கு வெளிய கார்ல ஒக்காந்திருந்தேன். உள்ள விட மாட்டாங்க. நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியாம ஒக்காந்திருந்தேன்."

எங்கள் திருமணத்தில் அவள் என்மீது குரல் உயர்த்தியது குறைவு. அன்றைக்கும் உயர்த்தவில்லை. தங்கையிடம் தானே சொல்லப்போவதாகச் சொன்னாள்; சொல்லியும்விட்டாள். தங்கை அந்த மாதமும் அடுத்த மாதமும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் வரவில்லை. அண்ணனும் நானும் இரண்டு சதுரங்களில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அக்டோபரில் மாநிலங்களுக்கு இடையே தடை நீங்கியது. நவம்பர் முடிவில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து விட்டார்கள். இடம் பிடிக்க அண்ணன் பத்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் ஜொகூர் வந்து, அங்கிருந்து நாடு முழுதும் வடக்கே கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நேரில் பார்க்கிறேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என் கழுத்தில் இருந்த குழாயைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். பிறகு வந்து சொன்னார்.

"நீ செஞ்சது தப்புதான்டா. ஆனா நான் அங்க பூட்டுன கதவுக்குப் பின்னால இருந்தவங்களப் பாத்தவன். தங்கச்சிய நீ வீட்டுக்கு அனுப்பிட்ட. அவ கோவம் போவும். நீதான் மொதல்ல கூப்பிடணும்."

கூப்பிட்டேன். அவள் எடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"நான் போகணுமா இருக்கணுமான்னு நான்தானே முடிவு பண்ணணும் அண்ணே? ஒரு நாடு வெளிய போகாதேன்னுச்சு. அப்புறம் அதே நாடு திரும்பி உள்ள வராதேன்னுச்சு. நீயும் ஒரு கவர்மெண்ட்டு மாதிரி நடந்துக்கிட்ட."

அவள் சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னேன்.

2022 ஏப்ரலில் மலேசியா எல்லையைத் திறந்தது. ஜூனில் அவள் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை வெளியேற அனுமதி வாங்க வேண்டியதில்லை, விடுதித் தனிமை இல்லை, போலீஸ் கடிதம் இல்லை. பினாங்கு விமான நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகள் நாங்கள் மோதிக்கொண்டிருந்த கதவுகள் இவ்வளவு சத்தமில்லாமல் திறக்கும் என்று நினைக்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த லோரி ஓட்டுநரின் நினைவு வந்தது.

பரிசோதனைகளை மறுபடி செய்தார்கள். இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் சற்றுக் கூடியிருந்ததால் மூன்று வாரம் தள்ளினார்கள். ஜூலை இறுதியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கண் விழித்தபோது படுக்கையின் ஓரத்தில் தொங்கிய பையில் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக என் உடம்பு செய்யாத வேலை. தாதி ஏன் அழுகிறீர்கள், வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கத்தான் செய்தது.

நான்காவது நாள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் வார்டுக்கு நடந்து வந்தாள். முகக் கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும். "வேல செய்யுதா?" என்றாள். "செய்யுது" என்றேன். "அப்ப சரி" என்றாள்.

எந்த நாடு சரியாகச் செய்தது என்று இப்போதும் பள்ளி ஆசிரியர் அறையில் பேச்சு வரும். ஆஸ்திரேலியா மாதிரி மூடியிருக்க வேண்டும் என்பார் ஒருவர். சிங்கப்பூர்தான் கெட்டிக்காரத்தனம் என்பார் இன்னொருவர். நம் நாட்டில் ஆரம்பத்தில் நன்றாகத்தான் செய்தோம், பிறகுதான் கோட்டை விட்டோம் என்பார் தலைமையாசிரியர். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், எனக்கு ஏதோ கூடுதலாகத் தெரியும் என்பது போல. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தங்கையைப் பூட்டி வைத்த அந்த நாடு, அவள் அங்கே இருந்தவரை அவளை நோயில்லாமலும் வைத்திருந்தது. தன் பிரஜையென்று அவளை உள்ளே விட்ட என் நாட்டில், அவள் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ளப் படுக்கை இல்லை. அண்ணனின் நாட்டில் ஒரே தெருவில் இரண்டு சட்டம். கூட்டிக் கழித்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு வரவில்லை. ஆனால் பாலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் போலீஸ்காரர் எந்த விதிப்படி நடந்தார் என்று கேட்டால் அதற்கும் எனக்குப் பதில் தெரியாது. எல்லோரும் அவரைப் போல நடந்திருந்தால் கட்டுப்பாடு என்று ஒன்று இருந்திருக்காது. அவர் அப்படி நடக்காமல் இருந்திருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன்.

தங்கை மகளுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. போன ஆண்டு இறுதியில் தங்கை ஒரு வார வேலையாகச் சிட்னிக்குப் போக வேண்டியிருந்ததாம். பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்ததும் மகள் வந்து கதவருகே நின்றிருக்கிறாள். எங்கே என்று கேட்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறாள். ஏழு என்றாளாம் தங்கை. யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாள் அந்தப் பிள்ளை. நான்தான் சொல்கிறேன், டிக்கெட்டைப் பார் என்று எடுத்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளை அதை வாங்கி, திரும்பும் தேதியை இரண்டு முறை படித்துவிட்டு, டிக்கெட்டைத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டதாம்.

இதைத் தங்கை கைப்பேசியில் சொன்னபோது நானும் மனைவியும் சேர்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தோம். மனைவி என் பக்கம் திரும்பவில்லை. சிறுநீரகத்துக்கான எட்டு மணி மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.